யாருக்கோ எழுதியது யாருக்கோ போகிறது

2021 மார்ச் 8, சர்வதேச மகளிர் தினம். பர்கர் கிங்கின் பிரிட்டன் கிளை ட்விட்டரில் ஒரு வரி போட்டது: ‘பெண்களின் இடம் சமையலறை.’ அந்த ட்வீட்டில் அவ்வளவுதான். அதற்குக் கீழே இழையாக இன்னும் இரண்டு ட்வீட்கள் இருந்தன. அவர்கள் விரும்பினால் மட்டும்தான், ஆனால் தொழில்முறைச் சமையல்காரர்களில் 20 சதவீதம் பேர்தான் பெண்கள், இதை மாற்ற நினைக்கிறோம் என்றது இரண்டாவது. எங்கள் பெண் ஊழியர்கள் சமையல் கலையில் முன்னேற உதவித்தொகை தரப்போகிறோம் என்றது மூன்றாவது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் நல்ல சேதிதான். ஆனால் முதல் வரி மட்டும் பிய்த்துக்கொண்டு ஓடியது. உதவித்தொகை பற்றிய ட்வீட்டைப் பார்த்தவர்களைவிட, முதல் வரியைப் பார்த்துக் கொதித்தவர்கள் பல மடங்கு அதிகம். முதலில் சமாளித்துப் பார்த்த நிறுவனம், அன்றே மன்னிப்புக் கேட்டுப் பதிவை நீக்கியது.

அதே நாளில் அதே வாசகத்தைத் தலைப்பாக வைத்து, நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரமும் வந்திருந்தது. அங்கே தலைப்புக்கு அடியிலேயே விளக்கம் இருந்தது. தலைப்பைப் பார்த்துத் திடுக்கிடுகிறவரின் கண், அடுத்த நொடியே கீழே இறங்கி மீதியையும் படித்துவிடும். காகிதத்தை யாரும் தலைப்போடு கிழித்து ஊருக்கெல்லாம் அனுப்புவதில்லை. ட்விட்டரில் அதுதான் நடந்தது. அதிர்ச்சி கொடுத்துவிட்டுப் பிறகு அவிழ்ப்பது விளம்பரத் தொழிலில் பழகிப்போன உத்தி. உத்தியில் பழுதில்லை, அது போய் நின்ற இடத்தில்தான் பழுது.

சமூக ஊடகத்தில் பேசுவது, விற்பது பற்றிய ஆலோசனைகளில் பெரும்பாலானவை எப்போது போடுவது, எத்தனை முறை போடுவது, எந்த ஹேஷ்டேக் சேர்ப்பது என்றே சுற்றுகின்றன. அதெல்லாம் இரண்டாம்பட்சம். முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, நாம் எழுதுவது நாம் நினைத்த ஆளிடம், நினைத்த நேரத்தில், நினைத்த வரிசையில் போய்ச் சேராது என்பதை. யோசித்துப் பேசுவது என்றால், இந்த ஊடகத்தில், அதை மனத்தில் வைத்து எழுதுவதுதான்.

இதை ஆய்வாளர்கள் முன்பே கவனித்திருக்கிறார்கள். ஆலிஸ் மார்விக், டானா பாய்ட் இருவரும் 2010 வாக்கில் ட்விட்டர் பயனர்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. நேரில் பேசும்போது நாம் ஆளுக்குத் தகுந்தபடி பேசுகிறோம். மேலதிகாரியிடம் ஒரு விதம், நண்பனிடம் ஒரு விதம், குழந்தையிடம் ஒரு விதம். சமூக ஊடகத்தில் இவர்கள் எல்லோரும் ஒரே கூட்டமாகிவிடுகிறார்கள். சூழல்களுக்கு நடுவே இருந்த சுவர்கள் விழுந்துவிடுகின்றன. தனி மனிதருக்கே இது சங்கடம். ஒரு நிறுவனத்துக்கோ இன்னும் மோசம், ஏனென்றால் அதன் பதிவை வாடிக்கையாளர், போட்டியாளர், ஊழியர், முதலீட்டாளர், நிருபர், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர் என எல்லோரும் ஒரே வரியில் படிக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அந்த நிறுவனம் இதற்கு முன் என்ன சொன்னது என்றே தெரியாது.

ஆள் மட்டுமில்லை, நேரமும் மாறிவிட்டது. ஒரு காலத்தில் ஃபீட், அதாவது நம் திரையில் வரும் பதிவுகளின் வரிசை, என்றால் புதியது மேலே, பழையது கீழே. 2016-ல் இன்ஸ்டாகிராம் அந்த வரிசையைக் கைவிட்டு, யாருக்கு எது பிடிக்கும் என்று கணித்து அடுக்கத் தொடங்கியது. ட்விட்டரும் அதே ஆண்டு அந்தப் பக்கம் சாய்ந்தது. ஃபேஸ்புக் அதற்கு வெகுகாலம் முன்பே அப்படித்தான். ஆகவே காலையில் போட்டது ஒருவருக்கு அன்று இரவு வரும், இன்னொருவருக்கு மூன்று நாள் கழித்து வரும். இதன் விளைவு மிகச் சாதாரணமான இடத்தில் தெரியும். ‘நாளை மாலை சேவை இருக்காது, சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு பதிவு. எந்த நாளை? எந்தச் சேவை? எவ்வளவு நேரம்? மூன்று நாள் கழித்துப் பார்ப்பவருக்கு இது வெறும் பீதி. ‘மார்ச் 12, புதன் மாலை 5 முதல் 8 வரை ஆன்லைன் பணம் செலுத்தும் வசதி இயங்காது. மற்றவை வழக்கம்போல் இயங்கும்’ என்று எழுதினால், எப்போது யார் பார்த்தாலும், யார் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எந்த வாட்ஸ்அப் குழுவில் போட்டாலும் பொருள் கெடாது. இரண்டாவது வாசகத்தில் அழகு எதுவும் இல்லை. ஆனால் பிய்த்தெடுத்தாலும் தாங்கும்.

நேரம் கைமீறுவதற்கு இப்படிக் கணித்து அடுக்கும் அல்காரிதம் மட்டும் காரணமில்லை. முன்கூட்டியே எழுதி வைத்து, குறித்த நேரத்தில் தானாகப் போகும்படி விடுவது இன்று எல்லோரும் செய்வதுதான். 2022 நவம்பர் 9 அன்று கேஎஃப்சியின் ஜெர்மனி செயலி தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது: இன்று நினைவு நாள், சீஸ் கொஞ்சம் கூடுதலாகப் போட்ட மொறுமொறு சிக்கனோடு கொண்டாடுங்கள் என்ற பொருளில். அது எந்த நினைவு நாள்? 1938-ல் நாஜிகள் யூதர்களின் வீடுகளையும் கடைகளையும் வழிபாட்டுத் தலங்களையும் அடித்து நொறுக்கிய இரவின் நினைவு நாள். சுமார் ஒரு மணி நேரத்தில் மன்னிப்பு அறிவிப்பு போனது. தேசிய நாட்காட்டியோடு இணைக்கப்பட்ட தானியங்கி முறையில் வந்த கோளாறு என்று நிறுவனம் விளக்கியது. விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நாட்காட்டியில் உள்ள எல்லா நாளும் விற்பனைக்கான நாள் என்று அந்தக் கருவிக்குச் சொல்லிக் கொடுத்தது மனிதர்கள்தானே.

இதில் ஒரு எளிய வழக்கம் உண்டு, நல்ல குழுக்கள் கடைப்பிடிப்பது. பெரிய விபத்தோ தாக்குதலோ நடந்தால், முதல் வேலையாக வரிசையில் காத்திருக்கும் பதிவுகள் அத்தனையையும் நிறுத்திவிடுவார்கள். யாருக்கு அந்த அதிகாரம், ராத்திரி இரண்டு மணிக்கு யாரை எழுப்புவது என்பதுவரை முன்பே முடிவாகியிருக்கும். அதன் பிறகுதான் அனுதாபம் தெரிவிக்கலாமா வேண்டாமா என்ற யோசனை. என் கருத்தைக் கேட்டால், பெரும்பாலான நிறுவனங்களுக்கு அந்த இரண்டாவது யோசனையே தேவையில்லை. ஒரு பற்பசை நிறுவனம் பூகம்பம் பற்றி என்ன நினைக்கிறது என்று யாரும் காத்திருப்பதில்லை. உதவி செய்ய முடிந்தால் செய்யட்டும். இல்லையென்றால் பேசாமல் இருக்கட்டும். 2013-ல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்கு மறுநாள், எபிக்யூரியஸ் என்ற சமையல் தளம் பாஸ்டன் மக்களின் நினைவாக ஸ்கோன் என்ற பலகாரத்தின் செய்முறையைப் பரிந்துரைத்து வாங்கிக் கட்டிக்கொண்டது. பாஸ்டனை நினைத்துப் பார்த்ததில் யாருக்கும் கோபமில்லை. அந்தச் சாக்கில் தன் பக்கத்துக்கு ஆள் பிடித்ததுதான் எரிச்சல் மூட்டியது.

அதற்கும் மேலே போனவர் அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் கென்னத் கோல். 2011 பிப்ரவரியில் எகிப்தில் மக்கள் தெருவில் இறங்கியிருந்தபோது, கெய்ரோ ஹேஷ்டேக்கிலேயே, லட்சக்கணக்கானவர்கள் கொந்தளிப்பதற்குக் காரணம் எங்கள் புதிய ஆடை வரிசை வந்ததுதானாம் என்று அவருடைய நிறுவனம் ட்வீட் போட்டது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்ற மனப்பான்மை. அந்த ஹேஷ்டேக்கை அப்போது தெருவில் நின்றவர்களும், அவர்களின் உறவினர்களும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது எழுதியவருக்குத் தோன்றவே இல்லை.

இப்படிப்பட்ட அவசரத்துக்கு எரிபொருள் ஊற்றியது ஒரு வெற்றிக் கதை என்பதுதான் வேடிக்கை. 2013 பிப்ரவரி 3, அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதிப் போட்டி. நியூ ஆர்லியன்ஸ் அரங்கில் மின்சாரம் போய் ஆட்டம் 34 நிமிடம் நின்றது. அந்த இடைவெளியில் ஓரியோ பிஸ்கட் நிறுவனம், இருட்டிலும் தொட்டுச் சாப்பிடலாம் என்று ஒரு படத்தைப் போட்டு ஊரையே கவர்ந்தது. அன்றிலிருந்து உடனுக்குடன் வினையாற்றுவதே கெட்டிக்காரத்தனம் என்றாகிவிட்டது. ஆனால் அந்தக் கதையில் இரண்டு விஷயங்கள் விட்டுப்போயின. ஒன்று, அன்று எழுதுபவர், வரைபவர், ஒப்புதல் தருபவர் எல்லோரும் ஒரே அறையில் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது, விளக்கு அணைந்ததால் யாருக்கும் தீங்கு இல்லை. வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த இரண்டையும் விட்டவர்கள்தான் பிறகு மாட்டினார்கள். 2014-ல் டிஜியோர்னோ என்ற பீட்சா நிறுவனம் பிரபலமாகிக்கொண்டிருந்த ஒரு ஹேஷ்டேக்கில், ‘பீட்சா இருந்ததால்’ என்று நகைச்சுவையாக எழுதியது. ‘ஏன் விலகாமல் இருந்தேன்’ என்பது அந்த ஹேஷ்டேக். அடித்துத் துன்புறுத்திய துணைவர்களோடு ஏன் வாழ்ந்தோம் என்று பெண்கள் தங்கள் அனுபவத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஹேஷ்டேக்கை ஒருமுறை தட்டிப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஆனால் அந்த நிறுவனத்துக்கு ஒரு பெருமை உண்டு. பதிவை நீக்கிவிட்டுப் பொதுவாக ஒரு மன்னிப்புப் போட்டதோடு நிற்காமல், கோபத்தோடு எழுதியவர்களுக்குத் தனித்தனியாக, ஆளுக்கேற்ற வார்த்தைகளில் பதில் எழுதியது.

சரி, இவ்வளவு தெரிந்தும் ஏன் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள்? ஒரு காரணம், கையில் இருக்கும் அளவுகோல்கள் தப்பான பக்கம் இழுக்கின்றன. லைக், ஷேர், கமெண்ட் எண்ணிக்கையை வைத்துத்தான் மாதாந்திர அறிக்கை எழுதப்படுகிறது. எது அந்த எண்களைக் கூட்டும்? நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துப்பாக்கிக் கட்டுப்பாடு, பருவநிலை மாற்றம் போன்ற சர்ச்சைகள் பற்றிய 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ட்வீட்களை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட முடிவு இது: நியாய அநியாயமும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒன்று கூடினால், பகிர்வு சுமார் 20 சதவீதம் கூடுகிறது. அந்தப் பரவலும் ஏற்கெனவே ஒத்த கருத்துள்ளவர்களுக்குள்தான் அதிகம். எதிர்த்தரப்பை அது அவ்வளவாக எட்டவில்லை. அதே 2017-ல் ஃபேஸ்புக்கின் கணிப்பு முறை, கோபம் உள்ளிட்ட எமோஜி வினைகளுக்கு ஒரு லைக்கைவிட ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்தது. நிறுவனத்தின் உள் ஆவணங்கள் 2021-ல் கசிந்தபோது இது வெளியே வந்தது. கோபத்துக்கான மதிப்பைப் பிறகு படிப்படியாகக் குறைத்துவிட்டார்கள். ஆனால் அந்த ஆண்டுகளில் பழகிய எழுத்து நடை குறையவில்லை.

பகிர்வு எண்ணிக்கை வாசிப்பைக் காட்டுவதும் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகமும் பிரான்ஸின் இன்ரியா ஆய்வு மையமும் 2016-ல் சேர்ந்து செய்த ஆய்வில், ட்விட்டரில் பகிரப்பட்ட செய்தி இணைப்புகளில் 59 சதவீதத்தை யாருமே க்ளிக் செய்யவில்லை என்று தெரிந்தது. தலைப்பைப் படித்தே பகிர்ந்துவிடுகிறார்கள். 2020-ல் ட்விட்டர், படிக்காமல் பகிரப் போகிறவரிடம் ‘முதலில் படிக்கிறீர்களா?’ என்று கேட்டுப் பார்த்தது. அந்தக் கேள்வியைப் பார்த்தவர்கள் கட்டுரையைத் திறப்பது 40 சதவீதம் கூடியது. சிலர் திறந்து பார்த்துவிட்டுப் பகிராமலே விட்டார்கள். விற்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் மிக நடைமுறையானது. தலைப்பிலும் முதல் வரியிலும் சொல்லாததைச் சொன்னதாகவே கணக்கில் வைக்க முடியாது. நிபந்தனை, வரம்பு, விதிவிலக்கு எல்லாவற்றையும் கடைசியில் ஒளித்து வைத்தால், வாசகருக்கு அவை இல்லவே இல்லை. பிறகு அவர் வந்து சண்டை போடும்போது, ‘கீழே போட்டிருந்தோமே’ என்பது எடுபடாது.

மக்களைப் பேச அழைப்பது இன்னொரு விதமான சூதாட்டம். 2012 ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ், தனக்குக் காய்கறியும் இறைச்சியும் தருகிற விவசாயிகளைக் காட்டும் ட்வீட்களைக் காசு கொடுத்து ட்விட்டரில் முன்னிறுத்தியது. அதுவரை எல்லாம் ஒழுங்காகவே போனது. அன்றே ‘மெக்டி கதைகள்’ என்று பொருள்படும் இன்னொரு ஹேஷ்டேக்குக்கு மாறியதும், வயிற்றுப்போக்கு முதல் வேலையிடக் கொடுமைவரை மக்கள் கதை கதையாகக் கொட்டினார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் விளம்பரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. விளம்பரத்தை நிறுத்தலாம், ஹேஷ்டேக்கை நிறுத்த முடியாது. முதல் ஹேஷ்டேக்கில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக இருந்தது. இரண்டாவதில் கதவு முழுசாகத் திறந்து கிடந்தது. மக்கள் பொய் சொல்லிவிடவில்லை, அவர்களிடம் இருந்த கதைகள் அவைதாம். ஏற்கெனவே குறைகள் குவிந்து கிடக்கும் நிறுவனம், ‘உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்று கேட்பதற்கு முன் தன் புகார்ப் பெட்டியை ஒரு நாள் உட்கார்ந்து படித்தால் போதும், என்ன வரும் என்று தெரிந்துவிடும்.

அந்தப் புகார்களுக்கு எப்படிப் பதில் சொல்கிறோம் என்பதில்தான், என் பார்வையில், ஒரு நிறுவனத்தின் யோசனை அப்பட்டமாகத் தெரிகிறது. ‘இரண்டு வாரமாகிறது, பொருளும் வரவில்லை, பணமும் வரவில்லை’ என்று ஒருவர் கமெண்டில் எழுதுகிறார். வருகிற பதில்: ‘உங்கள் கருத்துக்கு நன்றி! உங்கள் திருப்தியே எங்கள் மகிழ்ச்சி. டிஎம் செய்யவும்.’ (டிஎம் என்றால் தனிப்பட்ட செய்தி.) கூடவே ஒரு சிரிப்பு எமோஜி. இந்தப் பதிலைப் படிப்பவர் அந்த ஒருவர் மட்டும் என்றால் பரவாயில்லை. வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டு கமெண்டுகளை மேய்கிற நூறு பேர் அதைப் படிக்கிறார்கள். ‘இரண்டு வாரம் என்பது அதிகம், மன்னிக்கவும். ஆர்டர் எண்ணை டிஎம்மில் அனுப்புங்கள், இன்று மாலைக்குள் எங்கே நிற்கிறது என்று இங்கேயே சொல்கிறோம்’ என்று எழுத அதே அரை நிமிடம்தான் ஆகும். தனிப்பட்ட விவரம் மறைவாகப் போகிறது, பொறுப்பு எல்லோர் முன்னிலும் நிற்கிறது. அப்புறம், சொன்னபடி மாலையில் வந்து சொல்லவும் வேண்டும். அதைச் செய்ய ஆள் இல்லையென்றால் இப்படி வாக்குக் கொடுக்கவே கூடாது.

பெரிய அளவில் தப்பு நடந்துவிட்டால்? 2017 ஏப்ரல் 9 அன்று சிகாகோ விமான நிலையத்தில், யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் ஊழியர்களுக்கு இடம் வேண்டும் என்று, உட்கார்ந்திருந்த பயணி ஒருவரை இறங்கச் சொல்ல, அவர் மறுக்க, பாதுகாப்பு அதிகாரிகள் அவரைத் தரதரவென்று இழுத்துப் போனார்கள். ரத்தம் வழியும் முகத்தோடு அவர் இழுக்கப்படும் வீடியோவை உலகமே பார்த்துவிட்டது. மறுநாள் தலைமைச் செயல் அதிகாரி ஆஸ்கார் முன்யோஸ் வெளியிட்ட அறிக்கை, இறக்கப்பட்ட பயணிகளுக்கு ‘மாற்று ஏற்பாடு செய்ய நேர்ந்ததற்கு’ வருந்தியது. வக்கீல் படித்திருந்தால் தலையாட்டியிருப்பார். ஆனால் வீடியோவைப் பார்த்துவிட்டு அறிக்கைக்கு வந்தவர்களுக்கு, அது அவர்கள் கண்ணையே பொய் என்று சொல்வதுபோல் இருந்தது. ஊழியர்களுக்கு அவர் எழுதிய கடிதமும் கசிந்தது, அதில் பயணியைத்தான் குறை சொல்லியிருந்தார். உள்ளே பேசுவது வேறு, வெளியே பேசுவது வேறு என்ற பிரிவினை இனி இல்லை என்பதற்கு அதுவும் சாட்சி. அதற்கு அடுத்த நாள்தான், யாரையும் இப்படி நடத்தக்கூடாது என்ற நேரடியான மன்னிப்பு வந்தது.

இதற்கு நேர் எதிராக இரண்டு சம்பவங்கள். 2011 பிப்ரவரியில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊழியர் ஒருவர், தன் கணக்கு என்று நினைத்து, பீர் கிடைத்திருக்கிறது, இன்று கச்சேரிதான் என்ற பாணியில் சங்கத்தின் கணக்கில் எழுதிவிட்டார். சங்கம் அந்த ட்வீட்டை நீக்கியது. நீக்கியதை மறைக்காமல், செஞ்சிலுவைச் சங்கம் நிதானத்தில்தான் இருக்கிறது, சாவியைப் பிடுங்கி வைத்துவிட்டோம் என்றும் எழுதியது. சிரித்தவர்கள் நன்கொடை கொடுத்தார்கள், அந்த பீர் நிறுவனமும் தன் ரசிகர்களைக் கொடுக்கச் சொன்னது. 2018 பிப்ரவரியில் பிரிட்டனில் கேஎஃப்சி, விநியோக நிறுவனத்தை மாற்றிய கையோடு கோழியே இல்லாமல் நூற்றுக்கணக்கான கிளைகளை மூடியது. தன் பெயரின் மூன்று எழுத்துகளை ஒரு வசைச்சொல் போலத் தெரியும்படி இடம் மாற்றி, காலி வாளியின் மேல் அச்சிட்டு, நாளிதழ்களில் மன்னிப்புக் கேட்டது. எழுத்து மாறிய அந்தப் படம் சமூக ஊடகத்தில் தானாகவே ஓடியது. இரண்டிலும் கேலி எடுபட்டதற்குக் காரணம், யாரும் காயப்படவில்லை, கேலி முழுக்கத் தன்மேலேயே இருந்தது. யுனைடெட் இப்படி ஒரு ஜோக் அடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காசு வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பது தனிக் கட்டுரைக்கான விஷயம், இங்கே ஒன்று மட்டும். 2022 அக்டோபரில் கிம் கர்தாஷியன், ஒரு கிரிப்டோ நாணயத்தைப் பற்றி இன்ஸ்டாகிராமில் போட்ட பதிவுக்காக அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்புக்கு 12.6 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தார். விளம்பரம் என்ற ஹேஷ்டேக் அந்தப் பதிவில் இருந்தது. இரண்டரை லட்சம் டாலர் வாங்கியதைச் சொல்லவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. முதலீட்டுச் சட்டம் தொகையையும் கேட்கிறது. சோப்புக்கும் செருப்புக்கும் அவ்வளவு கேட்பதில்லை. ஆனாலும் பல நாடுகளின் விதிகள் ஒரு புள்ளியில் ஒத்துப்போகின்றன: காசு வாங்கியது என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும், இருபது ஹேஷ்டேக்குகளுக்கு நடுவே ஒளிந்திருக்கக் கூடாது. விற்பவர் வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. சொல்லிவிட்டுப் பரிந்துரைத்தால் கேட்பவர் தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்வார்.

இப்போது பதில் எழுதும் வேலையையே சாட்பாட்டிடம், அதாவது தானாகப் பதில் சொல்லும் மென்பொருளிடம், ஒப்படைக்கிறார்கள். 2022-ல் ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையதளச் சாட்பாட், பாட்டி இறந்த துக்கத்தில் பயணம் செய்யவிருந்த ஒருவரிடம், டிக்கெட் வாங்கிய பிறகும் 90 நாளுக்குள் துக்கச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொன்னது. நிறுவனத்தின் விதி அப்படி இல்லை. பணம் திரும்பக் கிடைக்காமல் அவர் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிவில் தீர்ப்பாயத்துக்குப் போனார். சரியான விதி இணையதளத்தின் இன்னொரு பக்கத்தில் இருந்ததே என்று நிறுவனம் வாதாடியது. சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பாக மாட்டோம் என்றும் சொல்லிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் இரண்டையும் ஏற்கவில்லை. தளத்தின் ஒரு பக்கத்தில் படித்ததை இன்னொரு பக்கத்தில் போய்ச் சரிபார்க்க வேண்டிய கடமை வாடிக்கையாளருக்கு இல்லை என்று கூறி, ஏர் கனடாவையே பணம் தரச் சொன்னது.